உளவளத்துணை: வாசகர் கேட்டவையும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களுள் பல, இத்தொழிலுக்கு வர விரும்புகிறவர்களும் புதிதாக வந்து சேர்ந்தவர்களும் எழுதியவை. துணை தேடி எங்கே போவது என்று தெரியாமல் எழுதியவர்களின் கேள்விகள் சிலவற்றையும் அவற்றோடு சேர்த்திருக்கிறேன். என்னிடம் வந்தவர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: நான் உயர்தரத்தில் கலைப்பிரிவில் படிக்கிறேன். உளச்சிகிச்சையாளராக வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வீட்டிலோ, "விசர் பிடித்தவர்களோடு மாரடிக்கிற வேலை உனக்கெதற்கு" என்கிறார்கள். உளமருத்துவர், உளவியலாளர், உளவளத்துணையாளர் ஆகிய மூவரும் ஒருவர்தானா? நான் எந்த வழியால் போக வேண்டும்?
— மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: மூவரும் ஒருவர் அல்லர். உளமருத்துவர் முதலில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் ஊடாக உளமருத்துவத்தில் சிறப்புத் தேர்ச்சி பெறுகிறவர். மருந்து எழுதுகிறவரும் அவரே. கலைப்பிரிவிலிருந்து அந்த வழிக்குப் போக முடியாது. சிகிச்சை உளவியலாளர், உளவியலில் முதற்பட்டம் பெற்று, அதன்மேல் சிகிச்சை உளவியலில் முதுதத்துவமாணி மட்டத்துக் கற்கையையும் வைத்தியசாலைப் பயிற்சியையும் முடித்தவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அக்கற்கை உண்டு. உளவியலை முதற்பட்டத்துக்குப் படிக்கப் பேராதனை, திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கற்கைகளை விசாரியுங்கள். உளவளத்துணையாளர் பெரும்பாலும் டிப்ளோமாவிலிருந்து தொடங்குகிறவர். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் அத்தகைய கற்கைகளை நடத்துகிறது. எதற்கு விண்ணப்பிப்பதாயினும், அந்த ஆண்டில் தமிழ்மொழி மூலம் உண்டா, நேரடிப் பயிற்சி எத்தனை மணித்தியாலம், அதை மேற்பார்வை செய்கிறவர் யார் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும் சான்றிதழ்களால் உங்கள் சுவர் நிறையலாம். உங்கள் முன்னால் ஒருவர் உடைந்து அழும்போது அவை உதவ மாட்டா.

உளச்சிகிச்சை என்பது இந்த மூவரில் ஒருவருக்கு மட்டும் உரிய பட்டமன்று. பேச்சையும் உறவையும் கருவியாகக் கொண்டு, பயிற்சி பெற்ற ஒருவர் முறையாகச் செய்யும் சிகிச்சைக்கே அந்தப் பெயர்; மூவருமே அதற்குரிய பயிற்சியைப் பெறலாம்.

வீட்டாரிடம் ஒன்று சொல்லுங்கள். என்னிடம் வருகிறவர்களுள் மிகப் பலர் நித்திரை இல்லாமல், கடன் யோசினையில், கணவனோடு பிணக்குப்பட்டு, பரீட்சைக்குப் பயந்து, ஒரு சாவை ஆற்ற முடியாமல் வருகிறவர்கள். உங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் இருக்கிறவர்களே அவர்கள். 'விசர்' என்ற அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பலர் பத்து ஆண்டுகள் பிந்தி வருகிறார்கள்.

கேள்வி: உளவளத்துணையில் டிப்ளோமா முடித்து, ஓராண்டாக அரச அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறேன். எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்ற உதவும் அறிகை நடத்தைச் சிகிச்சையை விரும்பிப் படித்தேன். ஆனால் நான் கொடுக்கும் எண்ணப் பதிவேட்டை எவரும் எழுதி வருவதில்லை. இரண்டாம் சந்திப்புக்குப் பிறகு பலர் வருவதேயில்லை. மூத்தவர்களோ, "ஆளுக்கேற்ற மாதிரிச் செய்யுங்கள்" என்கிறார்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் செய்வதானால், படித்த முறை எதற்கு?
— உளவளத்துணையாளர், அக்கரைப்பற்று

பதில்: உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்த ஓர் அம்மாவின் நினைவே வந்தது. நானும் அப்போது புதியவள். சம்பவம், எண்ணம், உணர்வு என்று மூன்று நிரல் போட்ட எண்ணப் பதிவேட்டுத் தாளை அவரிடம் கொடுத்து, ஒரு கிழமைக்கு எழுதி வரச் சொன்னேன். அடுத்த கிழமை அவர் ஒரு சொப்பிங் பையை விரித்து, அதற்குள் இருந்த இன்னொரு பையை விரித்து, மடிப்புக் கலையாமல் அந்தத் தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். ஓர் எழுத்துக்கூட இல்லை. "எனக்கு எழுதத் தெரியா புள்ள. பழுதாக்கப்படாதெண்டு அப்பிடியே வெச்சிருக்கன்" என்றார். அந்தத் தாளை அவர் ஏழு நாளும் ஒரு குற்றப் பத்திரம்போலக் காவியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுதத் தெரியுமா என்று நான் கேட்டிருக்கவேயில்லை.

அன்றைக்குத் தாளை ஒதுக்கிவிட்டு, வீட்டில் என்ன இருக்கிறது என்று இருவரும் யோசித்தோம். ஏழு சிரட்டைகளைக் குசினி வாசலில் வரிசையாக வைப்பது, நித்திரை கெட்ட ஒவ்வோர் இரவுக்கும் அந்த நாளுக்குரிய சிரட்டையில் ஒரு புளியங்கொட்டை போடுவது என்று முடிவாயிற்று. நான்கு வாரம் சென்றபோது செவ்வாய்ச் சிரட்டையில் நான்கு கொட்டைகள் கிடந்தன. மற்றவற்றில் ஒன்றோ இரண்டோ, வெள்ளியில் ஒன்றுமேயில்லை. நான் எதுவும் கேட்கும் முன்பே அவரே சொன்னார்: "செவ்வாய்தான் புள்ள நிறைஞ்சு கிடக்கு. புதன்கிழமை லோன்காரன் வாறவன்." எண்ணப் பதிவேடு கண்டுபிடிக்க வேண்டியதை அந்தச் சிரட்டை கண்டுபிடித்துத் தந்தது. சம்பவத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பை அவரே தன் கண்ணால் பார்த்தார். முறையின் உயிர் அதுதான். தாள் அதற்கு ஒரு பாத்திரம் மட்டுமே.

படித்த முறை எதற்கு என்ற கேள்விக்கான என் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. எதைக் கண்டறிய வேண்டும் என்று முறை எனக்குக் கற்பித்திராவிட்டால், சிரட்டையை வைக்கும் யோசனையே எனக்கு வந்திராது. முறையை ஆழமாகக் கற்றவரால்தான் அதை வளைக்க முடியும். அரைகுறையாகக் கற்றவர் வளைத்தால் அது முறிந்து, வெறும் புத்திமதியாகிவிடும். 1967ஆம் ஆண்டிலேயே கோர்டன் போல் என்ற அமெரிக்க உளவியலாளர், எந்தச் சிகிச்சை சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, எந்தச் சிகிச்சை, யாரால் அளிக்கப்படும்போது, எந்த மனிதருக்கு, எந்தப் பிரச்சினைக்கு, எந்தச் சூழ்நிலையில் பயன் தருகிறது என்று கேட்க வேண்டும் என எழுதினார். நான் ஒவ்வொரு புதிய கோப்பைத் திறக்கும்போதும் இக்கேள்வியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்டுக்கொள்வதுண்டு. 'எந்தச் சூழ்நிலையில்' என்ற இறுதித் துண்டுதான் நம் மாவட்டங்களில் அதிகம் தவறவிடப்படுகிறது.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பிளாந்துறைப் பக்கத்திலிருந்து குருக்கள்மடத்துக்குப் படகுப்பாதையில் வந்து, பஸ் பிடித்து உங்களிடம் வருகிற ஒருவருக்குப் பின்னேரம் மூன்றரை மணிக்கு நேரம் கொடுத்தால், அவர் வீடு திரும்புமுன் இருட்டிவிடும். யானை நடமாடும் ஊர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவர் வராமல் விட்டதை 'சிகிச்சைக்கு எதிர்ப்பு' என்று கோப்பில் எழுதிவிடுகிறோம். அடுத்தது வீடு. 'உங்கள் அம்மாவிடமிருந்து கொஞ்சம் விலகி, உங்கள் வாழ்க்கையை நீங்களே தீர்மானியுங்கள்' என்ற ஆலோசனை வேறெங்காவது பொருந்தலாம். மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்து, மருமகன் வந்து சேர்ந்து, தாய் அதே வளவிலே இன்னொரு குடிலில் இருக்கும் நம் பக்கத்துக் குடும்ப அமைப்பில், அந்தப் பெண் எங்கே விலகுவாள்? அந்த வளவு அவளுடைய பாதுகாப்பும்கூட. ஆகவே தூரத்தைப் பற்றிக் கதைப்பதிலும் பார்க்க, அதே முற்றத்தில் எந்தக் கதையை எந்த நேரத்தில் யாரோடு கதைப்பது என்று சேர்ந்து யோசிப்பது பயன் தரும்.

சொற்களும் அப்படியே. 'மனச்சோர்வு' என்று எவரும் என்னிடம் சொல்லி வந்ததில்லை. நெஞ்சு எரிகிறது, உடம்பெல்லாம் உளைகிறது, தலையிடி நிற்கவில்லை, யோசினை கூடிப்போயிற்று என்றே வருகிறார்கள். அந்தச் சொற்களை உடனே உங்கள் பாடநூலின் சொற்களுக்கு மாற்றிவிடாதீர்கள். "நெஞ்சு எரியும்போது என்ன செய்வீர்கள், எப்போது கொஞ்சம் தணிகிறது" என்று அவர்களின் சொல்லைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகலாம்.

எட்வேர்ட் போர்டின் என்பவர் 1979இல், சிகிச்சை உறவு மூன்று இழைகளால் ஆனது என்று விளக்கினார்: எதை அடைய வேண்டும் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. உங்களிடம் இரண்டாம் முறை வராமற் போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு இழைகளும் கட்டப்படாமலே இருந்திருக்கும். நீங்கள் கவலையைக் குறைக்க நினைத்திருப்பீர்கள், அவர் கடிதம் ஒன்றுக்குக் கையெழுத்து வாங்க வந்திருப்பார். முதற் சந்திப்பின் இறுதியில், "இன்றைக்குக் கதைத்ததில் எது உங்களுக்கு உதவியது, எது உதவவில்லை" என்று நேராகக் கேளுங்கள். நம்மவர்கள் மரியாதைக்காக எல்லாம் நல்லது என்பார்கள். இரண்டாம், மூன்றாம் முறையும் கேட்டால் உண்மை வரும்.

ஒரே துன்பத்துக்கு ஒரே வழிதான் உண்டு என்ற பிடிவாதமும் வேண்டாம். சுனாமிக்குப் பின் வடகிழக்கின் அகதி முகாம் ஒன்றில் 31 சிறுவர்களுக்கு, பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளர்களே சிகிச்சை அளித்த ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் ஆறு அமர்வுகளில் தங்கள் வாழ்க்கைக் கதையை, அச்சமூட்டிய நிகழ்வுகளையும் சேர்த்து, ஒழுங்காகச் சொல்லி முடித்தனர். மறு பகுதியினர் ஆறு அமர்வுகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். ஆறு மாதத்தின் பின் முதற் பகுதியினரில் 81 சதவீதத்தினரும் மறு பகுதியினரில் 71 சதவீதத்தினரும் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தனர். சிறிய ஆய்வுதான். ஆனால் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு பிள்ளையை நெருக்குகிறவர்களுக்கும், கதையைத் தொடவே கூடாது என்கிறவர்களுக்கும் அதில் பாடம் உண்டு.

மாற்றக் கூடாதவையும் உள்ளன. இரகசியம் காப்பது, தற்கொலை எண்ணம் உண்டா என்று தயங்காமல் கேட்பது, உங்கள் திறமைக்கு அப்பாற்பட்டதை உளமருத்துவரிடம் அனுப்புவது ஆகியவற்றில் ஆளுக்கேற்ற சலுகை கிடையாது. துன்பத்தின் வேர் மனத்துக்கு வெளியே இருந்தால் அங்கேயும் கை வைக்க வேண்டும். சிரட்டை வைத்த அந்த அம்மாவுக்கு, குழுக்கடனில் தன் தவணையை அயலவர்கள் கட்ட வேண்டி வருமே என்ற மானப் பிரச்சினையே நெஞ்சை எரித்தது. அதைப் பற்றிக் கதைத்தோம்; அதே கிழமையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கும் அவரை அனுப்பினேன். இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் செவ்வாய்ச் சிரட்டை வெறுமையாகியிராது.

கேள்வி: எனது ராத்தாவின் கணவர் மௌத்தாகி இரண்டு மாதங்கள். அவர் இத்தாவில் இருக்கிறார். சாப்பிடுவதும் கதைப்பதும் குறைந்துவிட்டன. இத்தா முடியும்வரை காத்திருப்பதா? தமிழ் உளவளத்துணையாளர் ஒருவருக்கு எங்கள் நிலைமை விளங்குமா?
— வாசகி, காத்தான்குடி

பதில்: இரண்டு மாதத்தில் அழுவதும் உணவில் நாட்டமின்மையும் துக்கத்தின் இயல்பான முகங்கள், அவற்றை உடனே நோயென்று பெயரிட வேண்டாம். உறவினர்கள் சூழ்ந்திருக்க, வெளி வேலைகள் இன்றித் துக்கத்தோடு வீட்டில் இருக்க இத்தா இடம் தருகின்ற நான்கு மாதமும் பத்து நாளும் பல பெண்களுக்கு ஆறுதலாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். வேறு சிலருக்கு அதே தனிமை பாரமாகிறது. உங்கள் ராத்தா இவர்களுள் யார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

பெண் உளவளத்துணையாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து சந்திக்க முடியும்; தொலைபேசியிலும் கதைக்கலாம். வெளியே போக வேண்டிய தேவை வந்தால், மருத்துவத் தேவைக்கான அனுமதி பற்றி உங்கள் மௌலவியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவர் உணவை முற்றாக மறுத்தால், தானும் போய்விட வேண்டும் என்று கதைத்தால், நாளைக் கடத்தாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926 இரவும் பகலும் இயங்குகிறது.

விளங்குமா என்று கேட்டீர்கள். 1990இன் தமிழ்–முஸ்லிம் வன்செயல்களுக்குப் பிறகு நம் இரு சமூகத்தவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் மனம் விட்டு அழுவது அரிதாகிப்போனது. உங்கள் தயக்கத்தில் நியாயம் உண்டு. முஸ்லிம் உளவளத்துணையாளர் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. கிடைப்பவர் தமிழராயின், தனக்குத் தெரியாததை ராத்தாவிடமே பணிவாகக் கேட்டு அறிகிறாரா என்று பாருங்கள். தெரிந்ததுபோல் நடிக்கிறவரை விட்டு விலகுங்கள்.

கேள்வி: எனது மூத்த சகோதரன் காணாமற்போய் பல ஆண்டுகள். அம்மா ஒவ்வொரு சடங்குக் காலத்திலும் அம்மன் கோயிலுக்குப் போய், தெய்வம் ஆடுகிறவரிடம் வாக்குக் கேட்கிறார். 'இருக்கிறான்' என்று வாக்கு வந்தால் சில மாதம் நன்றாக இருப்பார், பிறகு சரிந்துவிடுவார். கோயிலை நிறுத்திவிட்டு கிளினிக்குக் கூட்டிப்போகவா?
— வாசகர், வாழைச்சேனை

பதில்: நிறுத்த வேண்டாம். அம்மாவிடமிருந்து நீங்கள் எதை எடுக்கப் பார்க்கிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பற்றீசியா லோரன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1990களில் மட்டக்களப்பில் தங்கி ஆராய்ந்தபோது, பிள்ளைகளைத் தேடி இராணுவ முகாம் முகாமாக அலைந்த தாய்மார், வெளியில் சொல்லப் பயந்த கதையை அம்மன் சந்நிதியில் சொல்லி அழுததைப் பதிவு செய்தார். வாய் திறக்க முடியாத காலத்தில் அந்த இடம் திறந்திருந்தது.

உடலைக் காணாத இழப்பு மற்ற இழப்புகளைப் போன்றதல்ல. அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தார். இறந்தார் என்றும் இருக்கிறார் என்றும் சொல்ல முடியாத நிலையில், 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று ஒரு சிகிச்சையாளர் வற்புறுத்துவது தாயிடம் மகனைக் கொல்லச் சொல்வதற்கு ஒப்பாகும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற இரண்டையும் ஒரே மனத்தில் தாங்கிக்கொண்டு, அதனிடையே சமைத்து, உறங்கி, பேரப்பிள்ளையைத் தூக்கி வாழப் பழகுவதே அங்கே சாத்தியமான சிகிச்சை.

கிளினிக்குக்கும் கூட்டிப்போங்கள். சரிந்துவிடுகிற மாதங்களில் நித்திரைக்கும் சோர்வுக்கும் மருந்து உதவக்கூடும். போகும்போது கோயில் கதையை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கதையைக் கேட்டு முகம் சுளிக்காதவரே உங்கள் அம்மாவுக்கு உரியவர்.

கேள்வி: சிறிய ஊர் எங்களுடையது. உளவளத்துணையாளரும் எங்கள் தாய்வழிக் குடியைச் சேர்ந்தவர். அவரிடம் சொன்னது ஊருக்குத் தெரிய வராதா?
— வாசகி, திருக்கோவில்

பதில்: தெரிய வரக் கூடாது. உங்களுக்கோ இன்னொருவருக்கோ உயிராபத்து என்ற நிலையிலும், சிறுவருக்குத் தீங்கு நடக்கும் நிலையிலும் மட்டுமே அவர் வெளியே கதைக்க வேண்டி வரும். அதையும் முதல் நாளே உங்களிடம் சொல்லிவிட வேண்டும். சந்தையிலோ கோயிலிலோ கண்டால் தெரிந்தவராகக் காட்டிக்கொள்வதா வேண்டாமா என்பதையும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நெருங்கிய உறவினர் என்றால் அடுத்த பிரதேசத்தில் உள்ளவரைக் கேட்பதே நல்லது. நல்ல உளவளத்துணையாளர் அதற்குக் கோபிக்க மாட்டார், தானே ஒழுங்கு செய்து தருவார்.

கேள்வி: 2004 சுனாமியில் தாயையும் தங்கையையும் இழந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது உளவளத்துணை படிக்க விரும்புகிறேன். "உன் காயமே ஆறவில்லை, நீ எப்படி மற்றவரை ஆற்றுவாய்" என்று நண்பர் ஒருவர் கேட்டது மனத்தைக் குடைகிறது.
— வாசகர், கல்முனை

பதில்: காயம் இல்லாதவர்தான் வர வேண்டும் என்றால், இந்தக் கரையில் இத்தொழிலுக்கு எவரும் இரார். உங்கள் நண்பரின் கேள்வியை வேறு விதமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்னொருவர் தன் தாயைப் பற்றிச் சொல்லும்போது, நான் அவருடைய தாயைக் காண்கிறேனா, என் தாயையா? இரண்டாவது என்றால், படிப்பைத் தொடங்கலாம். ஆனால் அதோடு நீங்களும் ஒருவரிடம் துணை நாடிப் போக வேண்டும்.

கார்ல் ரொஜர்ஸ் 1957இல், சிகிச்சையில் மாற்றம் நிகழ வேண்டுமானால் ஒத்துணர்வும் நிபந்தனையற்ற மதிப்பும் சிகிச்சையாளரின் மெய்மையும் வேண்டும் என்று எழுதினார். ஒத்துணர்வை விளக்கும்போது, மற்றவரின் உலகைத் தன்னுடையதுபோல உணர வேண்டும் என்றும், ஆனால் அந்தப் 'போல'வைத் தவறவிட்டுவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். உங்களைப் போன்றவர்களுக்கு முதற் பாதி எளிது. இரண்டாவதில்தான் உழைக்க வேண்டும். "நானும் இழந்தவன்தான், எனக்குத் தெரியும்" என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் விழுங்கிவிடுங்கள். அவருடைய இழப்பு உங்களுக்குத் தெரியாது, அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

நேர்முகத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் கிடைத்த முதல் நாளே, எந்தக் கதைகள் உங்களை ஆட்டுகின்றன என்று அவரிடம் விபரமாகக் கூறுங்கள். கடலில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் வந்தால், முதல் ஆண்டில் அவரை வேறொருவரிடம் மாற்றிக் கொடுக்கும் ஒழுங்கைச் செய்துகொள்ளுங்கள். டிசம்பர் 26ஐ உங்கள் நாட்குறிப்பில் இப்போதே விடுமுறையாகக் குறித்துவிடுங்கள். அன்று நீங்கள் கடற்கரைக்கு விளக்கேற்றப் போக வேண்டியவர்.